இரண்டு அங்குலம் போதும்

"சான் ஹுவான் தண்ணி ஊத்தின காருக்கு எப்படி அடிபடும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவள் ஏழு வயதுப் பிள்ளை, பெலார்மினா. அவளுடைய அப்பன் ஒனேசிமோவை அன்று காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பிய ஜனம் கோவில் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸும் மிளகாய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை நேரே மக்காரியோவின் முன்னால் வந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். காருக்கு அந்தத் தண்ணீரை ஊற்றியவன் அவன்.

மக்காரியோவின் வாயில் ரொட்டி இருந்தது. அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த செஃபெரினோ பதில் சொன்னான்.

"உங்கப்பன் உள்ள பீரையும் சேத்து ஊத்திக்கிட்டான்ல கண்ணு. அதான்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். துக்கத்திலும் மனிதர்கள் சிரித்துவிடுகிறார்கள், அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் தாய் தெல்ஃபினா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். குடித்துவிட்டு மலைச் சாலையில் காரோடு விழுந்து செத்தவன் என்று ஒனேசிமோவுக்கு அன்றைக்கு ஏற்பட்ட பேர், அதன்பிறகு மாறவே இல்லை. மக்காரியோ ரொட்டியை விழுங்கினான். அது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

எஸ்பான்யோலாப் பள்ளத்தாக்கில் சான் ஹுவான் திருநாளன்று ஓடுகிற தண்ணீரெல்லாம் மந்திரித்த தண்ணீர். சாமியார் வந்து கை நீட்ட வேண்டியதில்லை. சான் ஹுவான், அதாவது ஸ்நாபக அருளப்பர், பிறந்த நாள் என்பதே போதும். விடிந்ததும் பெண்கள் வாய்க்காலில் முகம் கழுவுவார்கள், பிள்ளைகளை ஆற்றில் முக்கி எடுப்பார்கள், நோயாளிக்கு ஒரு செம்பு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படி ஒரு திருநாளில்தான் ஒனேசிமோ தன் வான நீல இம்பாலா காரை மக்காரியோவின் பட்டறைக்கு ஓட்டிவந்தான். அதன் மூக்கைத் தரைக்கு இறக்கித் தரச் சொன்னான். அப்படித் தாழ்ந்து ஊர்கிற கார்தான் அந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு அழகு. ஒரு மாதம் கழித்து, சாந்தா அன்னா திருநாளன்று, ட்ரூச்சஸ் மலை இறக்கத்தில் அந்தக் கார் சாலையை விட்டுப் போனது.

இப்போது பெலார்மினாவுக்கு முப்பத்துமூன்று வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஜூன் மாதம் இருபதாம் தேதி அவள் ஒரு காரை ஓட்டிக்கொண்டு மக்காரியோவின் பட்டறைக்குள் வந்தாள். அறுபத்துமூன்றாம் வருஷத்து இம்பாலா, அதே வான நீலம். டிக்கி மூடியில் ஒனேசிமோவின் முகத்தை வரைய வைத்திருந்தாள். மீசையும் தொப்பியும் சரியாக வந்திருந்தன. கண்கள் மட்டும் கொஞ்சம் சாந்தமாக இருந்தன. உயிரோடு இருந்தவனுக்கு அவ்வளவு சாந்தம் கிடையாது.

"நாலு வருஷம் மாமா," என்றாள். "ஒவ்வொரு சம்பளத்துலயும் ஒரு சாமானா வாங்கிச் சேத்தேன். சாந்தா அன்னா அன்னிக்கு ஊர்வலத்துல அம்மாவ முன்னாடி உக்கார வச்சு ஓட்டப்போறேன். அப்பா பேர இனிமே யாரும் வாய்க்குள்ளயே முணங்க வேண்டாம். முன்பக்கம் ஒண்ணுதான் பாக்கி."

மக்காரியோ கையைத் துடைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டிக்கிப் பக்கம் வந்தபோது நடையைச் சற்று வேகமாக்கினான். வழக்கமான பழைய கார் சீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான் செஃபெரினோ. பெட்ரோல் பங்க் வைத்திருந்தவன், மகனிடம் கொடுத்துவிட்டுத் தினமும் இங்கே வந்து உட்காருகிறான். பள்ளத்தாக்கில் நடப்பது எதுவும் அவன் வாய்க்குத் தப்பாது.

"எப்படி இறக்கணும்?" என்றான் மக்காரியோ.

"அதத்தான் கேக்க வந்தேன்."

"மூணு வழி இருக்கு. ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டி எடுக்கலாம். வண்டி இறங்கும், ஆனா ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிரை மாதிரி உதைக்கும். ரெண்டாவது, ஸ்பிரிங்கத் தொடவே வேண்டாம். சக்கரத்தத் தாங்குற ஸ்பிண்டில மட்டும் மாத்தணும். அச்சு ரெண்டு அங்குலம் மேல தள்ளி இருக்குற மாதிரி புதுசு விக்குறான். சக்கரம் மேல போனா வண்டி கீழ வரும். ஓட்டம் கெடாது. அல்புகர்க்கேயில இருந்து ரெண்டு நாள்ல வந்துடும்."

"மூணு வழின்னீங்க."

மக்காரியோ ஜாக்கியைத் தள்ளி ஓரமாக வைத்தான். செஃபெரினோதான் சொன்னான்.

"மூணாவதுதான் நம்ம ஊரு வழி. கேஸ் டார்ச்ச வச்சு ஸ்பிரிங்கக் காய்ச்சு. வண்டி தன் பாரத்துலயே வாத்து மாதிரி உக்காரும். பத்து நிமிஷ வேலை. இவன் என்னமோ ரெண்டு அங்குலத்துக்கு இம்புட்டு வியாக்கியானம் பண்றான்."

"அப்பாவோடத அப்படித்தானே செஞ்சீங்க மாமா?"

"ஆமா."

"அப்ப அப்படியே செஞ்சிடுங்க. நாலு விரக்கடை இறங்கியிருந்துச்சு, போட்டோவுல அளந்து பாத்தேன். வியாழக்கிழமை சான் ஹுவான். அன்னிக்கே வச்சுக்குவோம். வாய்க்கால் தண்ணியும் ஊத்துவோம், அன்னிக்கு மாதிரி."

"அது வேண்டாம்மா. இப்பல்லாம் யாரும் காய்ச்சுறதில்ல."

"யாரும் செய்யலன்னா என்ன, நீங்க செய்யலாம்ல."

"கேஸ் தீந்துபோச்சு."

செஃபெரினோ கழுத்தைத் திருப்பி மூலையில் நின்ற சிலிண்டரைப் பார்த்தான். நேற்றுத்தான் வந்து இறங்கியது, இறக்குவதற்கு அவனே ஒரு கை கொடுத்திருந்தான்.

"டேய், கோவில்லயாவது பொய் சொல்லாம இருக்கியா?" என்றான். பிறகு அவளிடம், "கண்ணு, இவனுக்கு வயசாயிடுச்சு, நெருப்பப் பாத்தா பயம். வண்டிய நம்ம வீட்டுக்குக் கொண்டா. டார்ச் இருக்கு, வாசல்லயே வாய்க்கா ஓடுது. வியாழக்கிழமை நான் முடிச்சுத் தரேன்."

பெலார்மினா மக்காரியோவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்பாவின் சிநேகிதன் இவ்வளவு சின்ன வேலைக்கு இழுத்தடிப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவமானப்பட்டவள் போல உதட்டை மடித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

"பரவால்ல மாமா. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

இஞ்சின் உறுமியது. மக்காரியோ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். கேஸ் இல்லை, வழக்கமில்லை, வயசாகிவிட்டது என்று எத்தனை சாக்குச் சொன்னாலும் இந்தக் கார் இங்கிருந்து செஃபெரினோவின் வீட்டுக்குப் போகும். அங்கே ஒருவன் நல்ல மனசோடு ஸ்பிரிங்கைப் பழுக்கக் காய்ச்சுவான். இவள் பக்தியோடு ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவாள். ஒரு மாதம் கழித்துத் தாயும் மகளும் அதில் உட்கார்ந்து போவார்கள்.

அவன் காருக்கு முன்னால் போய் நின்று பானெட்டில் கையை வைத்தான்.

"நிறுத்தும்மா. இறங்கி வா."

அவள் இறங்கினாள். மக்காரியோ உள்ளே போய், இரும்பு அலமாரிக்குக் கீழே கையை நீட்டி ஒரு சாக்குப் பொட்டலத்தை இழுத்தான். நாடா இற்றுப் போயிருந்ததால் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே துருப்பிடித்த ஸ்பிரிங் துண்டு ஒன்றும், மூடி கழலாத இரண்டு பீர் பாட்டில் கழுத்துகளும் இருந்தன.

"உங்கப்பன் வண்டியோடது," என்றான். "இடப்பக்கத்து ஸ்பிரிங். அன்னிக்கு நான் காய்ச்சினப்ப செவசெவன்னு பழுத்திருந்துச்சு. அத அப்படியே தானா ஆற விட்டிருக்கணும். எனக்கு இருபத்துமூணு வயசு. திருநாள் தண்ணி, ஊத்தினா வண்டிக்கு ஆசீர்வாதம்னு நெனச்சேன். ஒரு வாளி மொண்டுட்டு வந்து ஊத்தினேன். உங்கப்பன் தொப்பியக் கழட்டிட்டுச் சிலுவை போட்டுக்கிட்டான். பழுத்த ஸ்பிரிங்குல தண்ணி பட்டா அது கண்ணாடி மாதிரி ஆயிடும்மா. பாக்கத் தெரியாது. ஒரு நாள் பட்டுனு போயிடும். இறக்கத்துல திரும்பறப்ப போயிடுச்சு. சக்கரம் மட்கார்டுல சிக்கிக்கிச்சு. அவன் குடிச்சிருக்கல. பாட்டில் ரெண்டும் வீட்டுக்கு வாங்கிட்டு வந்தது. விழுந்ததுல உடைஞ்சுது, மூடி அப்படியே இருக்கு பாரு."

வெளியே சாலையில் ஒரு லாரி போயிற்று.

"தண்ணி பட்டா அப்படி ஆகும்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

"நொறுங்கின வண்டிய வெளியூர்ப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருந்தாங்க. நான் போய்ப் பாத்தேன். கடைக்காரன் இந்தத் துண்டத் திருப்பிப் பாத்துட்டு, எந்த மடையன் இதுமேல தண்ணி ஊத்தினான்னு கேட்டான். அதையும் வண்டிக்குள்ள கிடந்த பாட்டில் கழுத்தையும் நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்னிக்கு?"

"அடக்கத்துக்கு முந்தின நாள்."

அவள் கணக்குப் போடுவதை மக்காரியோ பார்த்தான். ஏழு வயதில் நின்ற அதே இடத்தில் வந்து நின்றுவிட்டது போல இருந்தது அவள் முகம்.

"அப்ப நான் உங்ககிட்ட வந்து கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஸ்பிரிங் துண்டைக் கையில் எடுத்து, உடைந்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"செஃபெரினோ மாமா," என்றாள் திரும்பாமலேயே. "அம்மா காதுக்கு இது போகுற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக்கூடாது."

செஃபெரினோ தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவில் கூடத்தில் தான் சொன்ன வேடிக்கை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சத்தியமா சொல்ல மாட்டேன் கண்ணு," என்றான். காப்பியை முடிக்காமல் எழுந்து போனான்.

பெலார்மினா சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். துண்டையும் பாட்டில் கழுத்துகளையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மூன்று நாளும் மக்காரியோ அந்தக் காரைத் தொடவில்லை. செஃபெரினோ வந்தான். எப்போதும் போல அதே சீட்டில் உட்கார்ந்தான். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் வராமல் இருந்துவிடவில்லை. பள்ளத்தாக்கில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவும் இல்லை. மூன்று நாள் அவன் ஒரு விஷயத்தை அடக்கி வைத்திருந்தது அதுவே முதல் தடவை. மனிதர்கள் செய்கிற சின்ன உபகாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன, செய்கிறவனுக்கே அது உபகாரம் என்று தெரிவதில்லை.

வியாழக்கிழமை, சான் ஹுவான் திருநாள். காலையில் வாய்க்கால் கரையெல்லாம் பெண்கள். அவர்கள் கலைந்த பிறகு பெலார்மினா வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எது உடையாது?" என்றாள், முகமன் எதுவும் இல்லாமல்.

"ஸ்பிண்டில். ஸ்பிரிங் கம்பெனி செஞ்ச மாதிரியே இருக்கும். அதுல கையே வைக்க மாட்டேன்."

"எவ்வளவு இறங்கும்?"

"ரெண்டு அங்குலம். அதுக்கு மேல கேக்காத."

அவள் காரின் மூக்கைப் பார்த்தாள். நாலு வருஷமாக மனதில் வைத்திருந்த படத்தில் கார் இன்னும் தாழ்ந்து, ஏறக்குறையத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அவள் அப்போது கைவிட்டதை மக்காரியோ கண்ணால் பார்த்தான்.

"ரெண்டு அங்குலம் போதும்," என்றாள். "நான் கூடவே இருப்பேன். ஒவ்வொரு மரையையும் பாப்பேன்."

"பாரு."

"உங்கள நம்பி இல்ல. வேற யாருக்கு இந்த வண்டி தெரியும்னு யோசிச்சுப் பாத்தேன். யாரும் இல்ல. அதுக்காகத்தான்."

"சரிம்மா."

அவன் இரண்டு நாளுக்கு முன்பே அல்புகர்க்கேவுக்குச் சொல்லி ஸ்பிண்டில்களை வரவழைத்து வைத்திருந்தான். அவள் வராமல் போனாலும் வரட்டும் என்று வரவழைத்தது. காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினான். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அதற்குச் சங்கிலி போட்டுக் கட்டினான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை இரும்புக்கு ஜாக்கி கொடுத்தான். மூட்டுகளைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தளர்த்தினான். பழைய ஸ்பிண்டிலைக் கழற்றிப் புதியதின் பக்கத்தில் வைத்து, அச்சு எவ்வளவு மேலே தள்ளியிருக்கிறது என்று அவளுக்கு விரலால் காட்டினான். அவள் தலையாட்டினாள்.

மரையை இறுக்கிவிட்டு அதன் துளையில் செருகும் பின்னை எடுத்தபோது அவள் கையை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"மரை தானா கழண்டு வராம இருக்க. நுழைச்சுட்டு ரெண்டு காலையும் மடக்கணும்."

"குடுங்க, நான் மடக்குறேன்."

நான்கு மூட்டுகளுக்கும் அவளே மடக்கினாள். குறடு வழுக்கி ஒரு தடவை விரலைக் கிழித்தது. அவன் துணி எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்காமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் காரைத் தரையில் இறக்கியபோது அது அடக்கமாக, தலையைச் சற்றே தாழ்த்தியது போல நின்றது. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று இருவருமே சொல்லவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள் காரில் ஏறும்போது. "நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் வாங்க. நான் வீட்ல இருக்க மாட்டேன். அந்தத் துண்டும் பாட்டிலும் சமையல்கட்டு மேசையில இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. தெல்ஃபினா சமையலறை மேசையருகே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நடப்பதற்குக் கோல் வேண்டும். இரண்டு முழங்காலும் வீங்கி உருண்டிருந்தன. மக்காரியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மேசையிலிருந்த இரும்பையும் மூடி கழலாத கழுத்துகளையும் அவள் பார்த்தாள். தொடவில்லை. பட்டாணி உரிக்கிற கை பாதியில் நின்றது, பிறகு மறுபடி உரித்தது, மறுபடி நின்றது.

"மதினி," என்றான் அவன்.

"இரு."

அவள் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்துவிட்டுப் பேசினாள். குரல் உயரவில்லை.

"எம்புருஷன் பேர இந்த வீட்ல சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தேன். பிள்ள எத்தனையோ தரம் கேட்டா. குடிச்சிட்டு எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவன்னு கோவம். ஆனா விட்டுடவும் முடியல. அவன் ஆத்துமாவுக்கு யாரு இருக்கா. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இந்த வாசல்ல இருந்து சிமாயோ கோவில் வரைக்கும் நடந்தேன். பத்து மைல். குடிகாரன மன்னியும் ஆண்டவரேன்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். மழையில நடந்தேன், பனியில நடந்தேன். இந்த வருஷம் முட்டி வராம, கடைசி மைல் பெலார்மினா தோளப் புடிச்சுக்கிட்டு நடந்தேன். இருபத்தாறு வருஷம்."

மக்காரியோ தலையைத் தூக்கவில்லை.

"அவன் செய்யாத பாவத்துக்கு நடந்திருக்கேன். அந்த நடைய எல்லாம் நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கட்டும்? சொல்லு. நீ பட்டறை வச்சிருக்கவன், எல்லாத்துக்கும் ஒரு சாமான் வச்சிருப்பியே."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அந்தச் சொல் அந்த அறையில் மிகவும் சின்னதாக இருந்தது.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வரல," என்றாள் தெல்ஃபினா. "வந்தா சொல்லி அனுப்புறேன். இப்பப் போ."

அவன் வாசல் வரை போய்விட்டான்.

"மக்காரியோ."

திரும்பினான். அவள் கோலை ஊன்றி எழுந்து, பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்க. குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்தான். அடித்திருந்தால் இதைவிட லேசாக வாங்கிக்கொண்டிருப்பான். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துக் குவளையைத் துடைத்துத் திரும்பக் கொடுத்தான்.

அதன்பிறகு ஊருக்குத் தெரிந்தது. செஃபெரினோதான் சொன்னான், ஆனால் தன் பங்கையும் சேர்த்தே சொன்னான். அன்றைக்குக் கூடத்தில் சிரித்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் யார் யாரென்று பேர் சொல்லிச் சொன்னான். பட்டறையில் நின்ற இரண்டு கார்களை அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கோவிலில் மக்காரியோ உட்காரும் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. சாந்தா அன்னா ஊர்வலத்தில் வான நீல இம்பாலா போனது. தெல்ஃபினா முன் சீட்டில் இருந்தாள். டிக்கியில் இருந்த முகத்தைப் பார்த்துத் தெருவோரத்தில் சில ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள் என்று செஃபெரினோ வந்து சொன்னான். மக்காரியோ பார்க்கப் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவன் பட்டறையை மூடினான். பகல் நேரத்தில் தெல்ஃபினாவின் வாசல் வரை போய், கதவைத் தட்டாமல், வேலியோரத்திலிருந்து சிமாயோவுக்கு நடக்க ஆரம்பித்தான். பெரிய வெள்ளியன்று அந்தச் சாலை நிறைய ஜனம் போகும். முதுகில் சிலுவை சுமப்பவர்கள் இருப்பார்கள், ஆரஞ்சுப் பழம் கொடுப்பவர்கள் இருப்பார்கள். ஆகஸ்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அந்தச் சாலையில் யாரும் இல்லை. கோவிலுக்குப் போய் முழங்காலிட்டு, ஒனேசிமோ குடிக்கவில்லை ஆண்டவரே, என்று சொன்னான். தனக்காக எதுவும் கேட்கவில்லை. பிறகு திரும்பி வந்தான். அடுத்த செவ்வாயும் அப்படியே நடந்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் பட்டறை ஏன் மூடியிருக்கிறது என்று செஃபெரினோ கேட்டான். முதுகுவலி என்றான் மக்காரியோ. மிளகாய் அறுவடை வந்து, கதவுகளில் சிவப்புச் சரங்கள் தொங்கி, அவையும் இறங்கிவிட்டன. ஆற்றோர மரங்கள் மஞ்சளாகி மொட்டையாயின. அவன் முழங்கால்கள் வீங்கத் தொடங்கின. தெல்ஃபினாவிடமிருந்து சொல் எதுவும் வரவில்லை. அவன் அதை எதிர்பார்த்து நடக்கவும் இல்லை.

தெல்ஃபினா நடந்த வருஷத்துக்கு ஒன்றாக, இருபத்தாறாவது செவ்வாய் ஜனவரி முடிவில் வந்தது. முந்தின நாள் பெய்த பனி சாலையோரத்தில் இறுகிக் கிடந்தது. நாலு மணி நேரத்தில் நடப்பதை அன்று ஆறு மணி நேரம் நடந்தான். கோவிலில் பூசை இல்லை. மெழுகுவர்த்திக்காரி கூடக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மக்காரியோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டான். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். எழுந்திருக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. வெளியே வந்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் பக்கமாக நடந்தான்.